தரையிலிருந்து ஒரு சாண்

திருப்பூரை விட்டுக் கிளம்பிய நேரம் சரியில்லை என்றாள் மைமூன், நேரத்தின் மேல் பழி போடாதே ரேடியேட்டர் சரியில்லை என்றாள் சவரியம்மாள், மகுடேஸ்வரி மணியைப் பார்த்தாள். சனிக்கிழமை விடியுமுன் கிளம்பிய, சவரியம்மாள் ஓட்டுகிற அந்த ஆம்னி வேன் தாராபுரத்தில் கொதித்தது, ஒட்டன்சத்திரத்தில் பஞ்சரானது, ஜாக்கியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தபடியால் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆறு பேர் ஓடி வந்து வண்டியைக் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் மாட்டுங்கக்கா, முருங்கக்கா லாரி நிக்குது" என்று கெஞ்சக் கெஞ்ச, சவரியம்மாள் நிதானமாக டயரை மாற்றினாள். திருமங்கலம் தாண்டியதும் பக்கக் கண்ணாடி கழன்று ரோட்டில் விழுந்தது. ஆடு மேய்க்கிற ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அரை மைல் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் ஆடுகளைப் பார்க்கத் திரும்பி ஓடினார்.

மூவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே பனியன் கம்பெனியில் ஒரே செக்கிங் மேசையில் நின்று கால் வீங்கியவர்கள். தைத்து வருகிற பனியனைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டும், தொங்குகிற நூலைக் குட்டிக் கத்திரியால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இருபத்திரண்டு வருடம் செய்த வேலை கையை விட்டுப் போகாது. கல்யாண வீட்டில் பெண்ணின் முந்தானையில் பிசிறு தொங்கினால் மைமூன் வெட்டிவிடுவாள், கண்டக்டர் சட்டைப் பொத்தானில் தொங்கினால் டிக்கெட் வாங்குகிற கையாலேயே வெட்டிவிடுவாள். கத்திரி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

அந்த மேசையின் நாலாவது ஆள் ராசக்கனி. இருநூறு மெஷின் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே அவள் ஒரு சத்தம் கொடுத்தால் கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் கை நின்றுவிடும், அப்படி ஒரு குரல். அந்தக் குரலைத்தான் திங்கட்கிழமை காலையில் எடுக்கப்போகிறார்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையோடு எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்குப் பிறகு பார்க்க விடமாட்டார்கள், அதற்குப் பிறகு பார்த்தாலும் பேச்சு இருக்காது.

மகுடேஸ்வரி அவளோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. பேசவில்லை என்பதைவிடப் பேச முகமில்லை என்பதுதான் சரி. வெளிநாடு வரை போன ஒரு கட்டு, பனியனெல்லாம் ஓட்டை என்று திரும்பி வந்தபோது, இது யார் பார்த்த கட்டு என்று சூப்பர்வைசர் கேட்டார். மகுடேஸ்வரி பார்த்த கட்டு அது. மகுடேஸ்வரி ராசக்கனியைக் கை காட்டினாள். ராசக்கனி வாயே திறக்காமல் கத்திரியை மேசையில் வைத்துவிட்டுத் தெற்கே சொந்த ஊருக்குப் போனவள் போனவள்தான். இப்போது அவள் மகள் பொன்மலர் போன் செய்து, அம்மா பேசக் கூடாது அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறாள், மிச்சமிருக்கிற குரலை மகுடத்துக்கு வைத்திருக்கிறேன், நேரில் வந்தால் பேசுவேன் என்று எழுதியிருக்கிறாள் என்றாள். பேசுவாளோ திட்டுவாளோ தெரியாது. திட்டினால் இன்னும் நல்லது, அந்தக் குரலிலேயே திட்டு வாங்கினால்தான் இனிமேல் நிம்மதியாகச் சோறு இறங்கும் என்று மகுடேஸ்வரிக்குப் பட்டது.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைத் தாண்டி, செம்மண் தேரிக்காட்டுப் பக்கம் போகிற ஒற்றை ரோட்டில், ஒத்தப்பனை என்கிற ஊரின் டீக்கடை எதிரே மறுபடியும் வண்டி கொதித்து நின்றது. ராசக்கனியின் ஊரான செம்மணல்விளைக்கு இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர். சவரியம்மாள் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கப் போனாள். மைமூன் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தாள், குனிந்தபோது வண்டிக்கு அடியில் நட்டநடுவில் ஒரு வெள்ளை நூல் தொங்குவதைப் பார்த்தாள். அது தொங்கித் தார் ரோட்டுக்குள் இறங்கியிருந்தது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். மைமூன் வெட்டினாள். உள்ளே உட்கார்ந்திருந்த மகுடேஸ்வரியோடு வண்டி தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி, அங்கேயே நின்றது.

"என்ன புள்ள பண்ணுனே?" என்றாள் சவரியம்மாள் குடத்தோடு.

"பிசிறு தொங்குச்சுக்கா. வெட்டிட்டேன்."

டீக்கடை லிங்கத்துரை வந்து குனிந்து பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கியளா என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றதும் அப்படியானால் பயமில்லை என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பக்கத்து ஊரிலிருந்து வந்த மெக்கானிக் மல்லாக்கப் படுத்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். "எஞ்சின் நல்லாருக்கு, கிளச் நல்லாருக்கு, சக்கரம் சும்மா கிர்ருனு சுத்துது. தரைதான் எட்டல. தரைக்கு நம்மகிட்ட ஸ்பேர் கிடையாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, நிலத்தில் இருப்பதற்கெல்லாம் தான் பொறுப்பு, நிலத்துக்கு மேலே ஒரு சாணுக்குத் தன்னிடம் பதிவேடு இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். வந்தவர் போனவரில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. வண்டி பறப்பது பற்றி அவர்களுக்கு ஒன்றுமில்லை, மூன்று பொம்பளைகள் மத்தியானம் சாப்பிடவில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சோறு போட்ட பிறகுதான் சோதனை நடந்தது. மகுடேஸ்வரி ஒரு காலைக் கீழே வைத்ததும் வண்டி இடுப்பு உயரம் போயிற்று, கத்திக்கொண்டு காலை உள்ளே இழுத்ததும் இறங்கி வந்தது. அவள் கனத்துக்குப் பதில் கனம் வைத்தால் போயிற்று என்று அம்மி, ஆட்டுக்கல், உப்பு மூட்டை என ஏற்றினார்கள், ஊரில் கனமான ஆள் என்று பெயரெடுத்த மாவுமில்காரரை ஏற்றினார்கள், பிறகு ரோசத்தில் நாற்பது பேர் உள்ளேயும் மேலேயும் தொற்றிக்கொண்டார்கள். வண்டி யாரையும் மதிக்கவில்லை. நூலை வெட்டும்போது உள்ளே இருந்தவளின் கனம் ஒன்றுதான் அதற்குக் கனம். அவள் இறங்கிப் போனால் வண்டியும் போய்விடும். அது சவரியம்மாளின் மருமகன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கிற வண்டி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திருப்பூரில் நிற்க வேண்டிய வண்டி.

அப்போது செல்லக்கிளி என்ற பெண், பீடி சுற்றுகிற தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே சொன்னாள்: "இதுக்கு எதுக்கு இவ்வளவு ரோசன? உருளாத வண்டிய இழுக்கத்தான வேணும்? சப்பரத்த நம்ம எல்ல வரைக்கும் இழுத்து அடுத்த ஊர்க்காரன் கையில குடுக்கம்லா, அதே மாரி குடுத்திருவம். நடுவழியில நிக்க விட்டா ஊருக்கு ஆகாது." அதைக் கேட்டு எல்லோரும், இதை நாமே சொல்லியிருப்போமே என்கிற முகத்தோடு கயிறு எடுக்கப் போனார்கள்.

அப்படித்தான் அந்த ஊர்வலம் தொடங்கிற்று. தென்னங்கயிறு இரண்டு வரிசை, கயிற்றுக்கு முன்னால் ஐலசாவுக்குச் சத்தம் கொடுக்கிற ஒருவர், கயிற்றில் ஊர், ஊருக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்தில் வண்டி, வண்டிக்குள் மகுடேஸ்வரி, வண்டிக்குப் பின்னால் பார்க்கிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிய மைமூன், அவளுக்கும் பின்னால் செருப்பு அறுந்து வெறுங்காலோடு சவரியம்மாள். உரசாத வண்டி லேசாகத்தான் வந்தது. ஆனால் கடற்காற்று அடித்தால் பக்கவாட்டில் போய் வேலிக்காத்தானில் மாட்டியது, மேட்டில் பின்னால் நழுவியது, இறக்கத்தில் இழுக்கிறவர்கள் முதுகில் இடித்தது. ஒவ்வொரு ஊரின் எல்லையிலும் அடுத்த ஊர் தண்ணீர்க் குடத்தோடும் சோற்றோடும் காத்திருந்தது. பொழுது சாய்ந்ததும், அவள் இறங்கினால் பனையே வேரோடு வந்துவிடும் என்பதால், அவளோடு சேர்த்தே வண்டியை ஒரு பனையில் கட்டிவிட்டு, ஞாயிறு வெளுத்ததும் அவிழ்த்து இழுத்தார்கள்.

இதில் மகுடேஸ்வரியின் பாடுதான் சொல்லி மாளாது. உயரத்தில் உட்கார்ந்து வருகிறவளைப் பார்த்ததும் சனங்களுக்குக் கை தானாகக் கும்பிட்டுவிடுகிறது. முதலில் ஒரு பெண் வாழைப்பழம் கொடுத்தாள், அடுத்தவள் பூ கொடுத்தாள், மூன்றாவது ஊரில் காய்ச்சல்காரக் குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டி, தொட்டுக் கொடுங்கம்மா என்றார்கள்.

"ஐயோ, நானெல்லாம் அப்பேர்ப்பட்ட ஆளு இல்லீங்க. நான் பெரிய தப்புப் பண்ணுனவளுங்க" என்று மகுடேஸ்வரி கையை இழுத்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணாதவொ யாரு இருக்கா? நீங்க தொடுங்கம்மா" என்று அந்தத் தாய் குழந்தையை மடியிலேயே போட்டுவிட்டாள். குழந்தை அவள் மடியை நனைத்துவிட்டுச் சிரித்தது. அவள் தொட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அழுதாள். குற்றவாளியைத் தேரில் வைத்து இழுக்கிற இந்த மனிதர்களின் நல்ல குணத்தை அவளால் தாங்க முடியவில்லை, இடுப்பு வேறு விட்டுப்போயிருந்தது.

மேலப்புதூருக்கும் கீழப்புதூருக்கும் பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எதனால் என்பதை இரண்டு ஊரும் மறந்துவிட்டன, கோபத்தை மட்டும் மறக்கவில்லை. எல்லைக்கு வந்ததும் மேலப்புதூர்க்காரர்கள் கயிற்றைக் கீழே போட்டுப் பத்தடி தள்ளி நிற்பது, பிறகு கீழப்புதூர்க்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வது என்று மைமூன் நடந்து நடந்து தூது பேசி முடித்தாள். கயிற்றைப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. வண்டி மகுடேஸ்வரியோடு கண்மாய்ப் பக்கம் நழுவவும், இரண்டு ஊரும் ஒரே கயிற்றில் பாய்ந்து விழுந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஒருவர் வேட்டியை ஒருவர் இழுத்து, கரையில் போய் நிறுத்தினார்கள். "விடாதல, பிடிச்சுக்கோ" என்று மேலப்புதூர் ஆள் கத்தினார், "நீ மொதல்ல காலை எடு" என்று கீழப்புதூர் ஆள் பதில் சொன்னார். பத்து வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அதுதான். அதற்கு மேல் அவர்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் மேலப்புதூர் ஆட்கள் இன்னும் கொஞ்ச தூரம் கயிற்றை விடாமலே வந்தார்கள்.

மகுடேஸ்வரிக்கு இறங்கியே தீரவேண்டிய அவசரங்கள் வரும்போது ஊரே கயிற்றைப் பிடித்தது. வண்டி கூரை உயரத்துக்குப் போய் இழுக்கும், இழுக்க இழுக்கக் கைத்தோல் உரியும், பெண்கள் அவளைச் சேலை மறைவில் கூட்டிப் போய்க் கூட்டி வருவார்கள், ஏணி வைத்து ஏற்றிவிடுவார்கள். கீழப்புதூரில் ஞாயிறு உச்சிவெயிலில் அப்படி அவள் இறங்கி நின்றபோது ஒரு டவுன் பஸ் வந்தது. செம்மணல்விளை என்று போர்டு இருந்தது. அன்றைக்கு அந்த ரோட்டில் வந்த ஒரே பஸ் அது.

பொன்மலர் அதற்கு முன்பே இரண்டு தடவை போன் செய்திருந்தாள். வண்டி கொஞ்சம் ரிப்பேர் என்று மட்டும்தான் இவர்கள் சொல்லியிருந்தார்கள். அம்மா குளித்துச் சேலை மாற்றி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அஞ்சரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டு மகுடேஸ்வரி பஸ்ஸைப் பார்த்தாள்.

சவரியம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள். "போ மகுடம். அரைமணி நேரத்துல அவ மொகத்தப் பாத்துரலாம். இந்த டப்பா போனாப் போகுது."

"உன்ற மருமவனுக்கு?"

"அவனுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போ."

கண்டக்டர் விசில் ஊதாமல் நின்றார். மகுடேஸ்வரி கயிற்றைப் பார்த்தாள். அறுபது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார்கள், ஒரு கர்ப்பிணி பின்னால் உட்கார்ந்து கயிற்றின் நுனியைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள், ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. சவரியம்மாளின் வெறுங்காலில் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கு ஒரு சிநேகிதியைத் தொலைத்தாயிற்று, தன் ஆசைக்காக இன்னொருத்தியின் வீட்டுப் பிழைப்பைக் காற்றில் விட்டுவிட்டுப் போனால், ராசக்கனி முன்னால் போய் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தோன்றியது. "நீங்க போங்க" என்று கண்டக்டருக்குக் கையை ஆட்டிவிட்டு ஏணியில் ஏறினாள், ஏறி உட்கார்ந்ததும் வண்டி இறங்கிற்று, அறுபது பேரும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு பொழுது ஓடியது, வண்டி ஓடவில்லை. செம்மணல்விளை எல்லைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. வந்தவர்கள் கயிற்றைக் கொடுக்கக் கை நீட்டினால், வாங்குவதற்கு அங்கே பதினைந்து பேர்தான் நின்றார்கள். அன்று ஊரில் ஒரு கல்யாணம், நடமாட்டமுள்ளவர்கள் எல்லாம் டவுன் மண்டபத்தில் இருந்தார்கள். வந்த ஊர்க்காரர்களுக்கோ கை ரத்தம் கசிந்தது, சத்தம் கொடுக்கிற ஆளுக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து பிடித்தார்கள். ஆனால் ராசக்கனி வீட்டுக்குப் போகிற தெரு மேடு, எதிர்க்காற்று வேறு. ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள், வண்டி ஒரு அடி போய் இரண்டு அடி பின்னால் வந்தது. மகுடேஸ்வரி கண்ணாடி வழியாகப் பார்த்தாள்: முந்நூறு அடிக்கு அந்தப் பக்கம் பச்சை வாசல், வாசலில் ஆட்டோ, ஆட்டோவுக்குள் பொன்மலர் பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து இந்த முந்நூறு அடி வராமல் போகிறதே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசல் நாற்காலியிலிருந்து மெலிந்த ஒரு உருவம் எழுந்தது. தெருவின் நடுவில் வந்து நின்று வண்டியைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது, கயிற்றில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தடுமாறுகிறவர்களைப் பார்த்தது. பொன்மலர், "யம்மா, வேண்டாம், டாக்டரு சொன்னாருல்லா" என்று ஓடி வருவதற்குள் ராசக்கனி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சத்தம் கொடுத்தாள்.

"பொய்யச் சொன்னா மவராசி!"

கயிற்றிலிருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் "ஐலசா" என்று ஒரே நேரத்தில் இழுத்தார்கள். வண்டி ஒரு ஆள் நீளம் முன்னால் வந்தது.

"போனேன் நானும் ஊர விட்டு!"

"ஐலசா!"

"ஆறு வருசம் பேசலியே!"

"ஐலசா!"

"அழுக்குப் பிடிச்ச மனசுக்காரி!"

"ஐலசா!"

கரகரத்து, இடையிடையே பிளந்து, ஆனாலும் அதே குரல், இருநூறு மெஷினுக்கு மேலே கேட்ட அதே குரல். மைமூன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகுடேஸ்வரி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திட்டையும் வாங்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஐலசா போட்டு ஆமோதிக்க ஆமோதிக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, அழுது அழுது மூக்கு அடைத்துக்கொண்டது.

"கல்லும் முள்ளும் தாண்டி வந்தா!"

"ஐலசா!"

"காணணுமுன்னு தேடி வந்தா!"

"ஐலசா!"

"மெள்ள இழு, மெள்ள இழு!"

"ஐலசா!"

"உள்ள இருக்கா எங் கூட்டா—"

அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. ராசக்கனி வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், காற்றுகூட வரவில்லை. கயிற்றிலிருந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு யாரும் ஐலசா சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு, அவள் சொன்னபடியே மெதுவாக மிச்சத் தூரத்தை இழுத்து வண்டியை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

ராசக்கனி யாருடைய கையையும் பிடிக்காமல் கதவைத் தள்ளி ஏறி மகுடேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது, நாலு டயரிலும் மண் நெரிந்தது. ரெண்டு ஆள் ஏறினால் வண்டி இறங்கத்தானே செய்யும் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். நேற்று நாற்பது பேர் ஏறியும் இறங்காத வண்டி என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, எல்லோருக்கும் அவ்வளவு அசதி. சவரியம்மாள் சாவியைத் திருப்பினாள், முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பொன்மலர் முன்னால் ஏறினாள், மைமூன் பைகளின் மேல் ஏறினாள், ஆறு மணிக்கு முன்னால் போய்விடலாம் என்று வண்டி டவுனைப் பார்த்துக் கிளம்பியது.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு மகுடேஸ்வரி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். "அந்தக் கட்டு நான் பாத்ததுதான் கனி. உனக்கும் தெரியும். அந்த ஆளு மெரட்டுனாரு, திரும்பத் திரும்பக் கேட்டு மெரட்டுனாரு, அதுல பயந்துதான் நான் வந்து..."

தொடையில் சுரீர் என்றது. ராசக்கனி கிள்ளியிருந்தாள். தோலை நன்றாகத் திருகிப் பிடித்துக்கொண்டு விடாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

மகுடேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிற்று. எதிரே வந்த ஒரு லாரி கடந்து போயிற்று.

"இல்ல" என்றாள். "ஒருக்காத்தான் கேட்டாரு. மெரட்டவே இல்ல. நானாத்தான் உன்னியக் கை காட்டுனேன்."

கிள்ளிய விரல்கள் தளர்ந்தன. கை மட்டும் அவள் தொடையிலேயே இருந்தது.